இறங்காமல் கடக்கிற இடம்

இரண்டு சைக்கிள் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போன ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். அப்போது சென்னையில் பழைய பந்தய சைக்கிள்களை வாங்கி விற்கிற கடையில் வேலை பார்த்தேன். முதலாளிக்கு மட்டக்களப்பில் டொரீன் என்றொரு பெண்மணியைத் தெரியும். ஒரு காலத்தில் சைக்கிள் பந்தய வீராங்கனை, இப்போது பயிற்சியாளர். பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்காகச் சென்னை வந்திருந்தபோது தினமும் கடைக்கு வந்து, எதையும் வாங்காமல், சக்கரங்களைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

அவர் போனில் கேட்டது இதுதான்: தன்னிடம் பயிற்சி பெறும் ஒரு பெண்ணுக்கு மாகாணத் தேர்வுப் பந்தயம் வருகிறது, எடை குறைந்த சக்கரம் ஒரு சோடி வேண்டும். போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பார்சல் எங்கே கிடந்து எப்போது போய்ச் சேருமோ, யாராவது நேரில் கொண்டுபோனால் நல்லது என்று முதலாளி இழுத்தார். அவர் பேசி முடிக்கும் முன்பே நான் பையைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து லாரி, ஓட்டல், ஜவுளி மூட்டை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊர் மாறிக்கொண்டேதான் இருக்கிறேன். சக்கரம் கிடைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

கொழும்பில் ஒரு சுங்க அதிகாரி சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மீதி சைக்கிள் எங்கே என்று கேட்டார். மட்டக்களப்பில் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

மட்டக்களப்பு பஸ்ஸில் சக்கரங்களை மடியில் வைத்துக்கொண்டேன். பொலன்னறுவை தாண்டிய காட்டுப் பாதையில் பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி நின்றோம். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் என் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி வரிசையாக நடக்க, காலி பஸ் முன்னால் போய் நின்றது. சிப்பாய் சக்கரத்தின் கம்பிகளைத் தட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். கண்டக்டர் தமிழில் சொன்னார்: "இதில ஏறி ஓடியிருந்தா பஸ்ஸ விட முந்தி வந்திருப்பியாம்."

டொரீன் பஸ் நிலையத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பதைத் தாண்டியவர். குட்டையான உருவம், அகன்ற தோள், கத்தரித்த முடி, பூப்போட்ட சட்டை, பூனைக்கண். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம். போர்த்துக்கீசர், டச்சுக்காரர் வழிவந்த கிறிஸ்தவர்கள் இவர்கள். பெரியவர்கள் தங்களுக்குள் ஒரு விதமான போர்த்துக்கீசு பேசுவார்கள், மற்றபடி எல்லாம் மட்டக்களப்புத் தமிழ்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் சக்கரத்தை வாங்கி, அச்சைப் பிடித்துச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சக்கரம் நின்ற பிறகுதான் நான் அங்கே இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. எல்லா வீட்டுக் கதவும் ஒரே நீலம். அவர் தன் கதவுக்கு மேலே ஒரு பழைய சைக்கிள் சங்கிலியை ஆணியடித்து மாட்டியிருந்தார், வீடு மாறிப் போய்விடாமல் இருக்க. வினிகர் ஊற்றிச் சமைத்த பன்றிக் கறியும் பிட்டும் சாப்பாடு. எங்கள் ஊர்ப் புட்டைச் சர்க்கரை போட்டு இனிப்பாகத் தின்று பழகியவனுக்கு அந்தக் கறி முதல் கவளத்தில் கண்ணில் நீர் வரவழைத்தது. மூன்றாவது கவளத்தில் கூச்சத்தை விட்டுவிட்டேன்.

பரிமாறியது சுகந்தி. பந்தயம் ஓடப்போகிற பெண் அவள்தான்; சைக்கிள் ஓட்டுவதை இங்கே ஓடுவது என்றுதான் சொல்கிறார்கள். வடக்கே வாகரைப் பக்கத்து மீனவக் குடும்பம், பத்தொன்பது வயது, வற்றிய உடம்பு. அகதி முகாமில் இருந்தபோது தண்ணீர்க் கேன்களை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு மணல் பாதையில் சைக்கிள் மிதித்ததுதான் அவள் பயிற்சி. அங்கே வைத்துத்தான் டொரீன் கண்ணில் பட்டிருக்கிறாள். மற்றப் பெண்கள் இறங்கித் தள்ளுகிற மணலில் இவள் மிதித்துக்கொண்டு வந்தாளாம்.

மறுநாள் விடிந்ததும் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். எனக்கும் ஒரு கனத்த சைக்கிளைக் கொடுத்தார்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே ஒரே நேர்ச் சாலை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு கயிறு மாதிரி நிலம். காத்தான்குடியில் சாலை நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நின்றன. அவ்வளவு தூரம் மட்டுமே அவர்களை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குத் துணை கச்சான் காற்றுதான். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற வெக்கைக் காற்றுக்கு இங்கே அப்படிப் பெயர். எங்கள் ஆடிக் காற்றில் கொஞ்சம் சாரலாவது இருக்கும். இது அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி.

செட்டிபாளையம் பக்கம் ஒரு இடத்தில் எனக்கு முன்னால் போன மீன்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார். அவருக்கு முன்னால் போன பள்ளி மாஸ்டரும் இறங்கியிருந்தார். இருவரும் தலையைக் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஏறிப் போனார்கள். சாலையோரம் கிழிந்த மணல்மூட்டைகளின் அடுக்கு ஒன்று இருந்தது. இந்த முனையில் ஒரு தார் பீப்பாய், அந்த முனையில் ஒன்று. சிப்பாய் யாரும் இல்லை. மூட்டைகளின் மேல் ஒரு ஆடு படுத்திருந்தது. எல்லாரும் இறங்குகிறார்களே என்று நானும் இறங்கி நடந்தேன்.

எதிரே ஒரு தேநீர்க்கடை. டொரீனும் சுகந்தியும் அங்கே எனக்காகக் காத்திருந்தார்கள். நான் ஏன் இறங்கினேன் என்று டொரீன் கேட்டார். முன்னால் போனவர்கள் இறங்கினார்கள் என்றேன். கடைக்காரர் மெய்ல் என்பவர், பெரிய வயிற்றுக்காரர், அதைக் கேட்டு அப்படிச் சிரித்தார். "பாத்தீங்களா மிஸ், இந்தியாவிலயிருந்து வந்தவரும் பழகிற்றார்."

போர்க்காலம் முழுக்க அங்கே சென்றி இருந்தது. காவல் நிலைக்கு இங்கே அதுதான் பேர். அதைக் கடக்கும் எவரும் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பி இருந்தால் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். இறங்காமல் போனவர்களைப் பற்றி மெய்ல் சொன்னது ஒன்றும் சிரிப்பதற்கில்லை. சில மாதங்களுக்கு முன் சிப்பாய்கள் சென்றியைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. ஆனாலும் எல்லாரும் இறங்குகிறார்கள். கால் தானாகவே போகிறதாம்.

பந்தயம் நடக்கப் போவது இதே சாலையில். கல்லடியில் தொடங்கி களுவாஞ்சிகுடி வரை போய்த் திரும்ப வேண்டும். அதாவது இந்த மூட்டைகளைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கடக்க வேண்டும். சுகந்தி வேகமாகத்தான் வந்தாள். ஆனால் பீப்பாயைக் கண்டதும் அவள் வலது கால் மிதியை விட்டு எழும்பிவிடும். ஒவ்வொரு நாளும் கடைசியில் டொரீன் அவளை இங்கே நிறுத்தி, திருப்பித் திருப்பி இந்த இடத்தைக் கடக்க வைத்தார். அன்றும் அப்படித்தான். அவள் கால் ஒரு தடவை எழும்பும், மறு தடவை எழும்பாது. மெய்ல் தேநீரை ஆற்றிக்கொண்டே கணக்குச் சொல்வார்: "இறங்கிற்றா. இப்ப இல்ல. ஆ, இறங்கிற்றா."

டொரீன் ஏன் இதை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டேன். அவர் கதையைச் சொன்னார். சிறு வயதில் அப்பாவின் கொல்லுப் பட்டறையில் கிடந்த குழாய்களை ஒட்டவைத்து அப்பா ஒரு சைக்கிள் செய்து கொடுத்தாராம். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் ஆண்களோடு சேர்ந்து ஓடி முதலாவதாக வந்தார். பெண்ணுக்கு என்று பரிசு வைத்திருக்கவில்லை. ஆண்களுக்கு வைத்திருந்த சாரத்தை, அதாவது கைலியைக் கொடுத்துவிட்டார்கள். அதை அப்பா கிழியும் வரை கட்டினார்.

பிறகு மாகாணம், அப்புறம் நாடு தழுவிய பந்தயம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தெற்கே எங்கேயோ ஒரு ஊரில், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, டொரீன்தான் முன்னால். வழியில் ஒரு முகாம் வாசல். ஒரு காவலாளி சும்மா நின்று பந்தயத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். டொரீன் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கடந்து போனார்கள். அந்த ஊர்ச் சனம் முதலில் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்ததாம். காவலாளிதான் ஓடி வந்து, போங்கள் அக்கா, போங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சியிருக்கிறான். அதன் பிறகு அவர் பெரிய பந்தயம் எதுவும் ஓடவில்லை. பயிற்சியாளராகிவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு ஓடத் தெரியாததால நான் தோக்கல்ல" என்றார். "இறங்கத் தெரிஞ்சதால தோத்தன்."

அடுத்த நாள் வாகரைக்குப் போனோம். சுகந்தியின் அம்மா அவளை உடனே அனுப்பச் சொல்லி ஆள் விட்டிருந்தார். பஸ் பாசிக்குடா திருப்பத்தைத் தாண்டியது. அங்கே ஹோட்டல் கட்டப் போவதாகப் பலகை நட்டிருந்தார்கள். அதற்கு மேல் சாலை என்பது ஒரு யோசனை மட்டும்தான். ஒரு பள்ளத்தில் பஸ் விழுந்து எழுந்தபோது ஒரு அம்மாவின் கூடையிலிருந்த கோழி என் மடிக்கு மாறியது. வாங்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. இறங்கும்வரை இரண்டு பேரும் சமாதானமாக இருந்தோம்.

சுகந்தியின் வீடு தகரமும் தென்னோலையும். அம்மா பேர் நாகம்மா. கணவர் கடலில் போனது சுனாமியில். அதற்குப் பிறகு இரண்டு தடவை இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, இப்போது காட்டை வெட்டிச் சேனையில் சோளமும் கச்சானும் போடுகிறார். கச்சான் என்றால் இங்கே நிலக்கடலையும்தான். அவித்த கச்சானை ஒரு சுளகில் எங்கள் முன்னால் வைத்தார். சுகந்தியின் பாஸ்போர்ட் வந்துவிட்டது, குவைத்தில் வீட்டு வேலை, ஏஜன்சிக்காரன் அடுத்த வாரம் கொழும்புக்கு வரச் சொல்லிவிட்டான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கச்சானை உரித்துக்கொண்டே சொன்னார்.

"சைக்கிள் ஓடினா கால்தான் வீங்கும் மிஸ். குவைத்துக்குப் போனா கூரை போடலாம். நான் பொய்யா சொல்லுறன்?"

டொரீன் வாதாடவில்லை. பொய் இல்லைதான் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பேர்தான் தேர்வாவார்கள், அவர்களுக்குப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் பழக்கும் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள் என்றார். நாகம்மா மகளைப் பார்த்தார். சுகந்தி வாசலில் குந்தியிருந்து சைக்கிள் சங்கிலிக்கறை படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தியா வந்தா நிக்கட்டும்" என்றார் நாகம்மா. "இல்லாட்டி மறுகா கத இல்ல. பிளேன் ஏறட்டும்."

திரும்பி வரும்போது செங்கலடியில் பஸ் நின்றது. டொரீன் ஜன்னல் வழியே ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டினார். சுனாமி வந்த ஞாயிறு காலையில் அங்கேதான் உட்கார்ந்து பிட்டு தின்றுகொண்டிருந்தாராம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பூசைக்குப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடப் பழக வந்திருந்தார். அம்மாவும் தம்பியும் டச்பாரில், கடலோர வீட்டில். செய்தி தெரிந்ததும் சைக்கிளில் ஏறினார்.

"முழுச் சனமும் இந்தப் பக்கம் ஓடி வருது. நான் மட்டும் அந்தப் பக்கம் போறன். வழியில எத்தின சென்றி. ஒண்டிலயும் நான் இறங்கல்ல. ஒருத்தனும் மறிக்கவும் இல்ல."

அம்மாவும் தம்பியும் கிடைத்தார்களா என்று கேட்டேன். அம்மா மூன்றாம் நாள் கிடைத்தார் என்றார். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பஸ் புறப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பசிக்கிறதா தம்பி என்று கேட்டார்.

சக்கரத்தைச் சுகந்தியின் சைக்கிளில் பொருத்தப் போனால் அது சட்டத்துக்குள் நுழையவில்லை. சென்னையில் நானே அளந்து பார்த்திருக்க வேண்டும். பின் அச்சு கொஞ்சம் அகலம். காத்தான்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற றபீக் காக்காவிடம் கொண்டுபோனோம். காக்கா என்றால் அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். எங்கள் ஊரில் பறவை என்று நான் சொன்னதும் அவர், "எங்கட ஊர்லயும் பறக்கிறதுதான், ஆனா அது வேற காக்கா" என்றார். சட்டத்தின் பின்கால்களைக் கையாலேயே கொஞ்சம் விரித்து, வாஷரைக் கழற்றி, ஒரு மணி நேரம் வியர்த்து, சக்கரத்தை உட்கார வைத்துவிட்டார். இடையில் பிளேன்டீயும் ஒரு துண்டு மஸ்கட் அல்வாவும் வந்தது. பந்தயம் இந்த வழியாகப் போகும்போது பார்ப்பாரா என்று கேட்டேன். பெண்பிள்ளைகள் ஓடுவதைத் தெருவில் நின்று பார்ப்பது தனக்குச் சரியில்லை என்றார். "சக்கரத்த மட்டும் பாப்பன். அது நான் போட்டது."

ஞாயிறு காலை கல்லடியில் ஒரு பந்தல், ஒரு ஒலிபெருக்கி, ஒரு போலீஸ் ஜீப். நாகம்மா ஒரு பொட்டலம் கருவாட்டோடு வாகரையிலிருந்து வந்துவிட்டார். ஆண்களுக்கான பந்தயம் முடிந்தது. பெண்களுக்கு வர வேண்டியது ஐந்து பேர். அம்பாறையிலிருந்து இரண்டு பேர், திருகோணமலையிலிருந்து ஒருத்தி, சுகந்தி. ஐந்தாவது பெண்ணுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டார். ஐந்து பேருக்குக் குறைந்தால் பந்தயம் வைக்க முடியாது, விதி அப்படி என்றார். அவர் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். தேர்வு இன்னொரு மாதத்துக்குத் தள்ளிப் போகலாம் என்றார். அடுத்த மாதம் சுகந்தி குவைத்தில் இருப்பாள்.

டொரீன் தன் சைக்கிளைக் கொண்டுவந்து கோட்டில் நிறுத்தினார். அப்பா செய்த பழைய சைக்கிள். அம்பாறைப் பெண்களில் ஒருத்தி தோழியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். ஒலிபெருக்கிக்காரர் எனக்குச் சொன்னார்: "கோச் ஆக்கள் ஓட ஏலுமா எண்டு கேக்கிறா." விதியில் வயது எதுவும் எழுதியிருக்கவில்லை. அதிகாரி பேரை எழுதிக்கொண்டார்.

எனக்கு ஒரு வேலை தரப்பட்டது. செட்டிபாளையத்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, சுகந்தி வரும்போது இறங்காதே என்று சத்தம் போட வேண்டும். அவ்வளவுதான். ஒரு முச்சக்கர வண்டியில் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தேன், கனத்த சைக்கிளை வண்டிக்குள் திணித்துக்கொண்டு. மெய்ல் எனக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். இந்தக் காற்றில் பொம்பிளப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த அவதி என்று புலம்பிக்கொண்டே கடையை விட்டு வெளியே வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். ஆடு தன் இடத்தில் இருந்தது.

ஜீப் வந்தது. பின்னால் ஐந்து பேர், ஒரு கூட்டமாக. எதிர்க்காற்று. டொரீன் முன்னால் குனிந்து காற்றை வாங்க, அவர் முதுகுக்குப் பின்னால் சுகந்தி ஒட்டிக்கொண்டு வந்தாள். பீப்பாயைத் தாண்டும்போது சுகந்தியின் கால் அசைந்தது. "இறங்காத" என்று கத்தினேன். கால் திரும்ப மிதிக்குப் போயிற்று. போய்விட்டார்கள். மெய்ல் திரும்பி என்னைப் பார்த்து, "இப்ப இல்ல" என்றார்.

அவர்கள் திரும்பி வரும் வரை எனக்கு உட்கார முடியவில்லை. மூட்டைகளுக்கும் சாலைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். தூரத்தில் ஜீப் தெரிந்தது. இந்த முறை மூன்று பேர் மட்டும் முன்னால். டொரீன், அவர் பின்னால் சுகந்தி, கொஞ்சம் தள்ளி அம்பாறைப் பெண் ஒருத்தி. காற்று வாவிப் பக்கமிருந்து அடித்தது. டொரீன் அந்தப் பக்கமாகச் சாய்ந்து சுகந்திக்கு மறைவு கொடுத்துக்கொண்டு வந்தார். வாய் திறந்திருந்தது. முகம் செங்கல் நிறம். மற்ற இரண்டு பேரையும் காணோம். சாலையோரத்துக்கு ஓடினேன். மூட்டைகளுக்கு முன்னால் நின்று, கையை உயர்த்திக்கொண்டு, "இறங்காத" என்று கத்தினேன்.

சுகந்தி இறங்கவில்லை. டொரீன் இறங்கினார்.

ஓடுகிற சைக்கிளிலிருந்து ஒரு காலைத் தூக்கி, மறுபக்கம் போட்டு, இறங்கி, தலையைக் குனிந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு கை சட்டைப்பைக்குப் போயிற்று, அட்டையைத் தேடுகிற மாதிரி. பந்தயச் சட்டையில் பை இல்லை. சுகந்தி அவர்மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பினாள். அம்பாறைப் பெண் கடந்து போனாள். சுகந்தி திரும்பிப் பார்த்து, "மிஸ்" என்றாள். அவளும் மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

டொரீன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "நிண்டுராத புள்ள. போ."

சுகந்தி போனாள். டொரீன் இரண்டாவது பீப்பாய் வரை முழுக்க நடந்தார். அந்தப் பீப்பாயைத் தாண்டிய பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. ஏறி மிதித்தார். அதற்குள் திருகோணமலைப் பெண் வந்து கடந்தாள். கொஞ்சம் பொறுத்து அம்பாறையிலிருந்து வந்த மற்றவள் கடந்தாள். நான் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றேன். மெய்ல் வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. போன் இல்லை. கல்லடிக்குப் போகவும் முகம் இல்லை. மெய்ல் வீட்டிலிருந்து சோறும் இறால் குழம்பும் வந்தது. வாவி இறால், புளி குறைத்து தேங்காய்ப்பால் விட்டது. நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை.

வெயில் சாய்ந்த பிறகு டொரீன் தனியாகச் சைக்கிளில் வந்தார். கடை வாசலில் நிறுத்தி, முக்காலியில் உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டார். குடித்து முடிக்கும் வரை காத்திருக்க என்னால் முடியவில்லை, சுகந்தி எத்தனையாவது என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டாவது" என்றார்.

அம்பாறைப் பெண் முதலாவது. சுகந்தி அவள் சக்கரத்தைப் பிடிக்கவில்லை, ஆனால் பின்னால் வந்தவர்களிடம் விட்டுக்கொடுக்கவும் இல்லை. டொரீன் ஐந்தாவது. றபீக் காக்கா கடை வாசலில் நின்று சக்கரத்தைப் பார்த்தாராம். நாகம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். அதிகாரி பேரை வாசித்ததும் நாகம்மா கருவாட்டுப் பொட்டலத்தை டொரீன் கையில் கொடுத்திருக்கிறார். "பாஸ்போட் பழுதாப் போறதில்லதானே மிஸ். பெட்டிக்குள்ள கிடக்கட்டும்." கூரையைப் பற்றிப் பேச்சு வரவில்லை. மகளை டொரீன் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். சேனையில் பன்றி வருகிறதாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். சத்தம் போடச் சொன்னீர்கள், கையைத் தூக்கச் சொல்லவில்லை என்றேன்.

டொரீன் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். "மூட்டைக்கு முன்னால நிண்டு ஒருத்தன் கையத் தூக்கினா, மறுகா என்ன செய்யிற தம்பி? இறங்கிறதுதானே." பிறகு, "நல்ல காலம், அவள் உங்கட கையப் பாக்காம வாயப் பாத்திருக்காள்" என்றார்.

கிளம்பினோம். நான் என் கனத்த சைக்கிளை எடுத்து வருவதற்குள் டொரீன் ஏறிவிட்டார். முதல் பீப்பாய்க்கு வரும்போது வேகம் குறைந்தது. வலது கால் மிதியை விட்டு எழும்பியது. காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிப் போய் மிதியில் உட்கார்ந்தது. அவர் மூட்டைகளைக் கடந்தார், ஆட்டைக் கடந்தார், இரண்டாவது பீப்பாயைக் கடந்தார். அங்கே வளைந்து திரும்பி வந்தார். மறுபடியும் கடந்தார். மறுபடியும் திரும்பினார். மீன் பெட்டியோடு வந்த ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டே, இவர் தன்னைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மெய்ல் கடையிலிருந்து குரல் கொடுத்தார். "என்ன மிஸ், பந்தயம் முடிஞ்சுதே. இன்னும் என்ன செய்யிறீங்க?"

"இறங்க மறந்து பாக்கிறன்" என்றார் டொரீன், நிற்காமல்.

வடக்கே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். நான் ஏறி மிதித்தேன். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மரியாதையாக இறங்கி நடந்திருக்கிறேன். அன்றைக்கு மிதித்துக்கொண்டே கடந்தேன். ஆடு தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டது.